சந்தியாகப்பர் வழி: எந்தத் தபால்தலையில் தொடங்கலாம்?

2027 ஜூலை 25 ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கும் எனக்கும் அது சாதாரண ஞாயிறாக இருக்கலாம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் மட்டும் அப்படியில்லை. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான அப்போஸ்தலர் யாகப்பரின் திருநாளான ஜூலை 25 ஞாயிறன்று விழுந்தால் அந்த ஆண்டு முழுவதும் அங்கே புனித ஆண்டு. பேராலயத்தின் பின்பக்கம் உள்ள ‘புனித வாசல்’ பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் திறக்கும். லீப் ஆண்டுக் கணக்கால் இது 6, 5, 6, 11 ஆண்டுகள் என்ற இடைவெளியில் சுற்றிச் சுற்றி வரும். 1993, 1999, 2004, 2010, 2021, அடுத்தது 2027.

தபால்தலை சேர்ப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். புனித ஆண்டு வந்தால் ஸ்பெயின் தபால்தலை போடும் என்று பெரும்பாலும் நம்பலாம். அதனால்தான் இப்போதே சிலர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: ‘கமினோவைத் தீமாக வைத்துச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?’

கமினோ என்றால் ஸ்பானிய மொழியில் வழி. யாகப்பரின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தை நோக்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியர் நடந்து வந்த பாதைகளுக்கு மொத்தமாக அந்தப் பெயர். இவரை நாம் அறியாதவர்களில்லை. நம் கடலோரத்து மக்கள் அவரைச் சந்தியாகப்பர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்கச்சிமடத்தில் அவர் பெயரில் கோயிலே இருக்கிறது. போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கிய ‘சந்தியாகோ’, நம் வாயில் ஓர் ‘அப்பர்’ சேர்ந்து சந்தியாகப்பர் ஆனார்.

போட்டியில் இருப்பவை நான்கு: ஸ்பெயினின் 1937 செட், அதே ஸ்பெயினின் 1971 வரிசை, பிரான்ஸ் 2012 முதல் 2015 வரை போட்ட சிறுதாள்கள் (சில தலைகளை ஒரே சின்னத் தாளில் சேர்த்து அச்சிட்டவை), 1993க்குப் பிறகு வந்த புதுச் சரக்கு. ஐந்தாவதாகத் தபால்தலையே இல்லாத ஒன்றும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் என் உரைகல் ஒன்றே. தலைப்பு ‘யாத்திரை வழி’ என்றால், தபால்தலையில் வழி தெரிகிறதா, இல்லை போய்ச் சேரும் கோயில் மட்டும்தானா?

1937 செட்டில் மூன்றே தலைகள். விலை ஸ்பெயினின் அன்றைய நாணயமான பெசேத்தாவிலும், அதில் நூறில் ஒரு பங்கான சென்டிமோவிலும். 15 சென்டிமோவில் யாகப்பர், 30 சென்டிமோவில் பேராலயம், 1 பெசேத்தாவில் ‘போர்த்திகோ தெ லா குளோரியா’ எனப்படும் அந்தப் புகழ்பெற்ற சிற்ப வாயில். பெசேத்தா தலை நீலமும் ஆரஞ்சுமாக இரண்டு நிறத்தில் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வாயிலின் சிற்பக் கூட்டம் அந்தச் சின்னச் சட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். அழகான செட், மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியான ஆண்டைப் பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் நடுவில், குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோ தரப்பின் கையிலிருந்த பகுதியில் வந்தது. அதே 1937 ஜூலையில்தான் யாகப்பரை ஸ்பெயினின் பாதுகாவலராக மீண்டும் அறிவித்து அந்தத் தரப்பு ஆணை போட்டது. போரினால் யாத்ரீகர்கள் வர முடியவில்லை என்று புனித ஆண்டை 1938 வரை நீட்டித்தார்கள். கோயில் இருந்தது, புனிதர் இருந்தார், நடப்பதற்குத்தான் ஆளில்லை. தலைகளிலும் வழி என்பதே கிடையாது. மூன்றுமே போய்ச் சேரும் இடம்தான். போர்க்கால அஞ்சல் வரலாறு சேர்ப்பவருக்கு இது தங்கம். கமினோ சேர்ப்பவருக்கு இது அட்டைப்படம் மட்டும்.

இன்னொரு சிக்கல், நம் ஊர்க் காற்று. பழைய கோந்துள்ள தலைகளைச் சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வைத்துக் காப்பது சாமானிய வேலையில்லை. ஒரு மழைக்காலம் ஆல்பத்தைக் கவனிக்காமல் விட்டால் ஓரத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிடும். மின்ட் செட்டுக்கு, அதாவது பயன்படுத்தாத செட்டுக்கு, கூடுதல் விலை கொடுப்பதே அந்தக் கோந்துக்காகத்தான். அதையே புழுக்கம் தின்றுவிட்டால் வயிறு எரியும். 1937தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், முத்திரை விழுந்த யூஸ்டு செட்டாக வாங்குங்கள். விலையும் குறைவு, தூக்கமும் வரும்.

1937க்கும் 1971க்கும் நடுவில் வந்தவற்றில், 1943-44இல் மூன்று மூன்றாக வந்த ஒன்பது தலைகள், 1954இன் இரண்டு தலைகள், இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1965இன் இரண்டு தலைகளில் நடந்து போகும் யாத்ரீகரின் உருவம் வருகிறது. அதற்கு மட்டும் ஒரு கைதட்டல்.

இனி 1971. என் ஓட்டு இதற்குத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் புனித ஆண்டுக்கு ஸ்பெயின் மூன்று நான்கு தலைகளோடு நிற்கவில்லை. தவணை தவணையாக நீளமான ஒரு வரிசையே போட்டது. பாதைகளின் வரைபடம், சுவீடனின் வாட்ஸ்தேனாவில் உள்ள புனித பிரிஜித்தாவின் சிலை, பாரிஸ் என்று தூரத்திலிருந்தே கிளம்பி, பிறகு வடக்கு ஸ்பெயினின் ஊர்களுக்குள் நுழைகிறது. பேராலயத்திலிருந்து திரும்பிப் பார்த்து, ‘நீங்களெல்லாம் எங்கிருந்து வந்தீர்கள்?’ என்று கேட்பது போன்ற வரிசை. வாட்ஸ்தேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிஜித்தா 1341 வாக்கில் தன் கணவரோடு சுவீடனிலிருந்து சந்தியாகோவுக்கு யாத்திரை போனவர். ஒரு ஸ்பானியத் தபால்தலையில் சுவீடனின் புனிதர் எதற்கு என்று முதலில் பார்ப்பவர் குழம்புவார். பதில் அவர் கால்களில் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. 1971இல் இந்த வழி கிட்டத்தட்டச் செத்துக் கிடந்தது. நடந்து வந்து சான்றிதழ் வாங்கியவர்கள் அந்தப் புனித ஆண்டிலேயே சில நூறு பேர்தான். இன்று கமினோ என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் மஞ்சள் அம்புக்குறிகூட அன்று கிடையாது. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞ்ஞா 1984இல், சாலைப் பணியில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை வாங்கிவைத்துக்கொண்டு மரத்திலும் பாறையிலும் அம்பு போட ஆரம்பித்த பிறகுதான் அது வந்தது. அவர் தூரிகையை எடுப்பதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே வழியை ஊர் ஊராகக் காகிதத்தில் போட்டு லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறது தபால்துறை. அம்புக்கு முன்னால் வந்த அம்பு என்று இந்த வரிசையைச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. பெரும் எண்ணிக்கையில் அச்சானதால் விலை மலிவு. அது வாங்குபவருக்கு நிறை, ‘நாளை விலை ஏறும்’ என்று சேர்ப்பவருக்குக் குறை. நிஜமான தலைவலி, முழு வரிசையைச் சேர்ப்பது. தவணையாக வந்ததால் ஒவ்வொரு தவணையையும் ‘1971 புனித ஆண்டு, முழு செட்’ என்றே விற்கிறார்கள். நான் இணையத்தில் ஒரு வியாபாரியிடம் முழு செட் என்று நம்பி வாங்கி, உறையைப் பிரித்து மேசையில் பரப்பினால் எல்லாம் ஸ்பெயினுக்குள் இருக்கும் ஊர்கள். வரைபடத் தலை இல்லை, வாட்ஸ்தேனா இல்லை. கேட்டதற்கு ‘இதுவும் செட்தானே சார்’ என்று பதில் வந்தது. அவர் கணக்கில் அது செட், என் கணக்கில் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி. ஆகவே தபால்தலைப் பட்டியல் நூல்களில் ஒவ்வொரு தலைக்கும் இருக்கும் கேட்டலாக் எண்களைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

1971க்கு நேர் போட்டி பிரான்ஸ்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் யாத்ரீகர் வழிகாட்டி ஒன்று, சந்தியாகோவுக்குப் போகும் சாலைகள் நான்கு என்றும் அவை ஸ்பெயினின் புவெந்தே லா ரெய்னாவில் ஒன்றாகின்றன என்றும் சொல்கிறது. பிரெஞ்சுத் தபால்துறை இந்த நான்கையும் அப்படியே பிடித்துக்கொண்டது. 2012இன் சிறுதாளில் நான்கு புறப்பாட்டு இடங்கள்: பாரிஸின் சேன் ஜாக் கோபுரம், வெஸ்லே, லெ புய், சேன் ஜில். அடுத்தடுத்த ஆண்டுகளின் தாள்கள் அந்தந்தச் சாலையில் அடுத்த கட்டத்துக்கு நகர்கின்றன. ஆண்டுக்கு ஒரு தாள், 2015 வரை. தபால்தலை சேர்ப்பவரும் யாத்ரீகர் மாதிரியே ஒரு கட்டம் முடித்து, காத்திருந்து, அடுத்த கட்டம் போக வேண்டும். யோசனை என்று பார்த்தால் 1971ஐவிட இதுவே கெட்டிக்காரத்தனம்.

பாரிஸ் கோபுரத்தின் கதையும் கேட்கத்தக்கது. அது முழுக் கோயில் இல்லை. கசாப்புக் கடைக்காரர்களின் பேட்டையில் இருந்த சேன் ஜாக் தெ லா பூஷ்ரி என்ற பெரிய கோயிலின் மிச்சம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1797இல், கல்லுக்காக விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. மணிக்கோபுரம் மட்டும் தப்பியது. கோயில் போய்விட்டது, கிளம்பும் இடம் நிற்கிறது. வழியைப் பற்றிய தபால்தலைக்கு இதைவிடப் பொருத்தமான படம் அகப்படாது.

பிறகு ஏன் பிரான்ஸுக்கு என் ஓட்டு இல்லை? இரண்டு காரணம். முதலாவது, வழி பிரனீஸ் மலையோடு முடிந்துவிடுகிறது. நாட்டு எல்லை வரை கூட்டிப்போய், ‘இதற்கு மேல் அவர்கள் பாடு’ என்று கைகழுவிவிடுகிறது. 1971 வரிசை எல்லையைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது, சிறுதாள் என்ற வடிவமே. அதைக் கிழித்து உறையில் ஒட்டி அனுப்புபவர் எத்தனை பேர்? பெரும்பாலானவை அச்சகத்திலிருந்து நேரே ஆல்பத்துக்குப் போனவை. யாத்திரையைப் பற்றிய தபால்தலை ஒரு மைல்கூடப் பயணம் செய்யாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. என்னைவிட ஒழுங்கான சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆல்பப் பக்கம் அழகாக அமைய வேண்டும், கண்காட்சியில் வைக்க வேண்டும் என்றால் தயங்காமல் பிரான்ஸையே வாங்குங்கள்.

1993க்குப் பிந்தைய ஸ்பானியத் தலைகள் சந்தேகமில்லாமல் எளிதில் கிடைக்கும். அவற்றின் பின்னணிதான் அவற்றைவிடச் சுவையானது. 1993இல்தான் சந்தியாகோ இருக்கும் கலீசியா மாகாணத்தின் அரசு ‘ஷகோபெயோ’ என்ற பெயரில் புனித ஆண்டைப் பெரிய சுற்றுலா விழாவாக்கியது. அதே ஆண்டு ஸ்பெயினுக்குள் உள்ள வழி யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்த ஆண்டு சான்றிதழ் வாங்கியவர்கள் 99,436 பேர். 2010இல் 2,72,135. 2024இல் ஏறத்தாழ 5 லட்சம். வழி நெரிசலானது, தபால்தலை விளம்பரத் தாள் போலானது. தானே ஒட்டிக்கொள்ளும் ரகங்களைத் தண்ணீரில் போட்டு உரிக்கவும் முடியாது. உறையோடு சேர்த்துக் கத்தரித்து வைப்பதுதான் வழி.

ஐந்தாவது இப்போது. ஸ்பானிய மொழியில் தபால்தலைக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் ஒரே சொல்: ‘செய்யோ’. நம்மிலும் இந்தக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் முத்திரை என்றால் மேலே குத்துவது, இலங்கைத் தமிழில் முத்திரை என்றால் ஒட்டுவது. யாழ்ப்பாணத்தில் முத்திரை சேர்ப்பவர்தான் மதுரையில் தபால்தலை சேர்ப்பவர். முத்திரை குத்தும் கருவிக்கு ஸ்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘மாதாசெய்யோஸ்’, அதாவது செய்யோவைக் கொல்வது. தபால்’தலை’ என்று பெயர் வைத்த நாமே அந்தத் தலையில் ஓங்கி ஒரு போடு போடுகிறோம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கமினோவில் நடப்பவர் கையில் ‘கிரெதென்சியால்’ என்ற மடிப்பு அட்டை இருக்கும். தங்கும் விடுதி, கோயில், காபிக்கடை எல்லாம் அதில் ஒவ்வொரு செய்யோ குத்தும். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்ததற்கு இந்தக் குத்துகள்தான் சாட்சி. காட்டினால் இலத்தீனில் எழுதிய சான்றிதழ் கிடைக்கும். என் பெரியம்மா மகள், அக்கா, சாரியா என்ற ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நடந்துவிட்டு வந்தார். ஊருக்கு வந்ததும் அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசையில் பாம்பு மாதிரி நீட்டி விரித்தார். சிப்பி வடிவில் ஒன்று, நீல மையில் ஒன்று, கை நடுங்கியதில் இரண்டாக விழுந்த ஒன்று. ஓரிடத்தில் மை காயும் முன் மடித்ததால் எதிர்ப்பக்கத்தில் அதன் நிழல். நடுவில் மழையில் ஊறி ஊதிப்போன ஒரு கட்டம். எல்லாம் வரிசையாக, தேதியோடு, கிழக்கிலிருந்து மேற்காக.

என் உரைகல்லில் இதற்கு நூற்றுக்கு நூறு. வழி மட்டும்தான் இருக்கிறது, கோயில் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு குத்து. 1971 வரிசையை நான் ஆல்பத்தில் ஒழுங்காக மேற்கு நோக்கி அடுக்கியிருந்தேன். அதன் கடைசிப் பக்கத்தை அக்காவிடம் திறந்து காட்டி, “இங்க ஒரு பாக்கெட் வெச்சு அந்த அட்டைய வெச்சுக்கட்டுமாக்கா, நல்லா பொருந்தும்” என்றேன்.

அவர் அட்டையை மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

“எனக்குக் கால்ல ஆறு கொப்புளம்டா. ஒனக்கு வேணும்னா நீ நடந்து வாங்கிக்க.”