லா கூர்நேவா, சார்செலா? வீட்டு விலையைவிடச் சார்ஜைப் பாருங்கள்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போய்வர வசதியாக, பாரிஸ் விலை கொடுக்காமல் வீடு வாங்கத் தேடினால் வடக்குப் புறநகரின் இரண்டு ஊர்கள் சீக்கிரமே கண்ணில் படும்: 93ஆம் மாவட்டத்தில் லா கூர்நேவ், 95ஆம் மாவட்டத்தில் சார்செல். இரண்டையும் அலசி நாங்கள் தெரிவுசெய்தது லா கூர்நேவ். அதிலும் மெற்றோவுக்குக் கிட்ட உள்ள பழைய சிறிய கட்டடம். காரணம் சார்ஜ், அதாவது கட்டடப் பராமரிப்புக்கு உரிமையாளர்கள் தொடர்ந்து கட்டும் பங்குப் பணம். மற்றவற்றை முதலில் வேகமாகச் சொல்லிவிடலாம்.

நவிகோ மாத அட்டை 2015 செப்டெம்பரிலிருந்து எல்லா வலயத்துக்கும் ஒரே விலை என்பதால் 95இல் இருப்பவருக்கு அதில் நட்டம் இல்லை. கார்ஜ்–சார்செல் நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலில் ஏறினால் நாலாவது நிறுத்தம் லாச்சப்பலுக்குக் கிட்ட உள்ள கார் து நோர். ஓடும் நாளில் அதுதான் விரைவு. ஆனால் அது மிக நீண்ட பாதை. பாரிஸ் நடுவில் ஆர்.இ.ஆர். பியோடு ஒரே சுரங்கத்தைப் பகிர்கிறது. எங்கோ ஒரு மூலையில் பழுது என்றால் இங்கே மேடையில் சனம் குவிந்துவிடும். லா கூர்நேவில் 1987இலிருந்து 7ஆம் மெற்றோ. ஏழாவது நிறுத்தம் ஸ்தாலின்கிராத், அங்கே 2ஆம் மெற்றோவுக்கு மாறினால் அடுத்ததே லாச்சப்பல். உணவகத்தில் வேலை முடித்து நள்ளிரவில் திரும்புபவருக்கு மெற்றோதான் கைகொடுக்கும். ஆர்.இ.ஆர். பியும் T1 திராமும் கூடவே உண்டு. 16ஆம் மெற்றோவுக்கு இதே ஊரின் சீ ரூத்தில் நிலையம் எழும்புகிறது. சார்செலுக்கு 2013இல் சென்-தெனியிலிருந்து T5 திராம் வந்தது.

சந்தைக்கு இரண்டு ஊரிலும் குறையில்லை. லா கூர்நேவின் காத்ர் ரூத் சந்தை செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கூடும். தமிழ்க் கடைகளும் நடை தூரத்தில். பிள்ளைகள் ஓடி விளையாட 400 எக்டேருக்கு மேற்பட்ட ஜோர்ஜ் வல்போன் பூங்கா இருக்கிறது. சார்செலில் வட ஆபிரிக்க யூதர்கள், துருக்கியிலிருந்து வந்த அசிரிய-கல்தேயர், கரிபியர் என்று பல சமூகத்தார் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறார்கள். வாழ நல்ல ஊர்தான்.

இனிச் செலவு. எந்தக் கட்டடம் என்ன செலவு வைக்கும் என்பதற்கான விடை ஊரின் வரலாற்றிலேயே கிடக்கிறது. லா கூர்நேவ் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் சந்தைக்கு மரக்கறி பயிரிட்ட ஊர். பிறகு பாப்கொக் கொதிகலன் ஆலை போன்ற தொழிற்சாலைகள் வந்தன, அவற்றைச் சுற்றிச் சிறு வீடுகளும் மூன்று நாலு மாடிக் கட்டடங்களும் எழுந்தன. 1960களில் பாரிஸ் நகரின் சமூகவீட்டு அமைப்பு ‘காத்ர் மில்’ என்ற நாலாயிரம் வீட்டுக் குடியிருப்பைக் கட்டியது. எல்லாம் வாடகை வீடு, உரிமையாளர் ஒருவர். ஆகவே 1986இல் தெபுசி, 2000இல் ரெனுவார், 2004இல் ரவெல், பிரெசோவ் என்று பெருங்கட்டடங்களை வெடிவைத்துச் சாய்க்கவும், 2011இல் பால்சாக்கை இடிக்கவும் ஒரே கையெழுத்துப் போதுமாயிருந்தது.

சார்செலின் லோஷேர் பகுதி 1955 முதல் இருபது ஆண்டுகளில் 12,000க்கு மேற்பட்ட வீடுகளோடு வயல்வெளியில் எழும்பியது. அங்கே இன்று விற்பனைக்கு வரும் வீடு பெரும்பாலும் பெரிய கூட்டுச்சொத்துக் கட்டடத்தில்தான், அதாவது வீட்டுக்கு வீடு தனி உரிமையாளர் உள்ள கட்டடத்தில். அதற்கு நூறு உரிமையாளர் என்றால் நூறு சம்மதம் தேட வேண்டும். கூரை ஒழுகினால் ஒருவர் கட்ட முடியாதென்பார், ஒருவர் கூட்டத்துக்கே வரமாட்டார். பெரிய திருத்த வேலைகள் சிலவற்றுக்கு வந்தவர்களின் பெரும்பான்மை போதாது, எல்லா உரிமையாளர்களின் மொத்த வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். வேலை தள்ளிப்போகத் தள்ளிப்போகச் செலவு ஏறும்.

சார்ஜுக்குள் கூட்டு வெப்பமூட்டல், லிஃப்ட், துப்புரவு, காப்புறுதி, சின்டிக் (கட்டட நிர்வாகி) கட்டணம் எல்லாம் அடக்கம். தனி மீற்றர் இல்லாத கட்டடத்தில் வெப்பச் செலவு பங்குக் கணக்கில் பிரியும். உங்கள் ரேடியேற்றரை மூடினாலும் பில் குறையாது. மாதம் 300 யூரோ என்றால் ஆண்டுக்கு 3,600, இருபது ஆண்டில் 72,000. கடன் தவணை வருமானத்தில் 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வங்கி பார்க்கும் கணக்கில் இது பெரும்பாலும் சேர்வதில்லை. அதனால் கடன் கிடைத்துவிட்டது என்பதற்காக வீடு கட்டுப்படியாகும் என்று எண்ணக்கூடாது.

விற்பவரிடம் கடைசி மூன்று ஆண்டுக் கூட்ட அறிக்கைகளைக் கட்டாயம் வாங்குங்கள். ‘கூரைத் திருத்தம் – நிராகரிக்கப்பட்டது’ என்ற வரி மூன்று ஆண்டும் வந்தால் அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. அடுத்தது, மற்ற உரிமையாளர்கள் கட்டாத பாக்கி. அது 25 வீதத்தை எட்டினால் (200 அலகுக்கு மேற்பட்ட கட்டடத்தில் 15 வீதம்) நீதிமன்றம் தனி அலுவலரை நியமிக்கும் நிலை வரும். அந்த எல்லைக்குக் கிட்ட இருக்கும் கட்டடத்தை விட்டு விலகுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி. திருத்த நிதியையும் பாருங்கள்: சட்டப்படி ஆண்டு வரவுசெலவின் 5 வீதமாவது ஒதுக்க வேண்டும்.

லா கூர்நேவின் சிறு கட்டடமும் குறையில்லாதது அல்ல. 1949க்கு முந்தியது என்றால் பூச்சில் ஈயம் இருக்கலாம். சிறுபிள்ளை உள்ள வீட்டில் அந்தச் சோதனை அறிக்கையை வரி விடாமல் படியுங்கள். பழைய ஆலைக் காணிக்குப் பக்கமானால் மண் மாசு பற்றி ஜேயோரிஸ்க் என்ற அரச இணையத்தளத்தில் முகவரியைத் தட்டிப் பாருங்கள். சார்செலில் கவனிக்க வேண்டியது அஸ்பெஸ்டசும் ரோய்சி விமான நிலையத்தின் விமானச் சத்தமும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: லோஷேரில் லிஃப்ட் இல்லாத தாழ்ந்த கட்டடங்கள் உண்டு. பாக்கி குறைவாக இருந்து, ஊரின் பொது வெப்ப வலையமைப்பிலும் இணைந்திருந்தால் அதன் சார்ஜ் லா கூர்நேவின் உயர்மாடி ஒன்றைவிடக் குறைவாக வரலாம்.

எரிசக்தித் தரமும் மறுவிற்பனையைத் தீர்மானிக்கும். ஏ முதல் ஜி வரையான தரங்களில் கடைசியான ஜி தர வீட்டை 2025இலிருந்து புதிதாக வாடகைக்கு விட முடியாது, எஃப் தரத்துக்கு 2028. சிறு கட்டடத்தில் தனி எரிவாயுக் கொதிகலனையும், வெளித்தோற்றம் மாறாவிட்டால் யன்னலையும் நீங்களாகவே மாற்றலாம், ஆனால் வெளிச்சுவர்க் காப்புக்கு அங்கும் கூட்டத்தின் சம்மதம் வேண்டும். எட்டுப் பேரைச் சம்மதிக்க வைப்பது எண்பது பேரைவிட எளிது என்பதே எங்கள் தெரிவின் அடிப்படை.

கொம்ப்ரோமி என்ற முன் விற்பனை ஒப்பந்தம் எழுதும்போது, ஏற்கெனவே வாக்களித்த திருத்த வேலைகளுக்கு யார் பணம் கட்டுவது என்பதை சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் சொல்லி எழுத்தில் போடுங்கள். சின்டிக் பணம் கேட்கும் திகதியில் உரிமையாளர் எவரோ அவரிடமே கேட்கும். எழுதாவிட்டால் பழைய உரிமையாளர் வாக்களித்த லிஃப்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிவரும். கையெழுத்திட்ட பிறகும் விலக 10 நாள் அவகாசம் உண்டு. கூட்டுச்சொத்து ஆவணங்கள் முழுதாகக் கைக்கு வராதவரை அந்த 10 நாள் எண்ணத் தொடங்காது.