கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போடப் போகிறீர்களா? முதலில் அது வந்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளத்துக்கும் கருவளையத்துக்கும் சிகிச்சை எடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பள்ளத்தை நிரப்ப ஊசி வழியாக ஏற்றும் பொருளைத்தான் ஃபில்லர் என்கிறார்கள். என் கண்ணுக்குக் கீழே எந்த கம்பெனி ஃபில்லரை ஏற்றினார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஏற்றியவர்களும் சொல்ல மறுக்கிறார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கருவளையம் உண்டு, அம்மாவுக்கும் அப்படித்தான். வயது ஏற ஏற மூக்கோரத்திலிருந்து கன்னம் வரை ஒரு பள்ளமும் சேர்ந்துகொண்டது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். அதனால்தான் அந்த அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன்.

அங்கே என்னைப் பார்த்தவர் டாக்டர் இல்லை, 'கன்சல்டன்ட்'. முகத்துக்கு நேரே வட்ட விளக்கை வைத்து போட்டோ எடுத்தார், உடனே பேக்கேஜ் அட்டையை நீட்டினார். கருமைக்கு கெமிக்கல் பீல் (ரசாயனம் பூசி மேல்தோலை உரிப்பது), பள்ளத்துக்கு ஃபில்லர், இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி. அலர்ஜி உண்டா, ரத்தசோகை உண்டா, கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா, எதுவும் கேட்கவில்லை. தோலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தொட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யவே முடியாது. கருவளையம் எல்லோருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. சிலருக்குத் தோலிலேயே நிறமி கூடியிருக்கும். சிலருக்குத் தோல் மெலிந்து அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். சிலருக்கு அது வெறும் நிழல், பள்ளத்தில் விழுகிற நிழல். பலருக்கு இவை கலந்தே இருக்கும். நிறமிக்கு சன்ஸ்கிரீன், பூச்சு மருந்து, பீல் என்று போகலாம். நிழலுக்கு எத்தனை பீல் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. பின்னால் நான் பார்த்த தோல் மருத்துவர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, வெளிச்சத்தைப் பார்த்து முகத்தை நிமிர்த்தச் சொன்னார். கருமையில் பெரும்பகுதி அப்படியே மறைந்துவிட்டது. இந்த ஒரு சோதனையை முதல் இடத்தில் செய்திருந்தால் எனக்கு பீலே தேவைப்பட்டிருக்காது. மாநிறம், கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு பீலோ லேசரோ எரிச்சலைக் கிளப்பினால் அந்த இடம் இன்னும் கறுக்கும். எனக்கு அதுதான் நடந்தது.

அப்புறம் ஃபில்லர். போட்ட வாரமே தடவினால் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே உப்பியிருக்கும். பள்ளம் இருந்த இடத்தில் நீலம் பாய்ந்த ஒரு கோடு. போன் செய்தால் "செட் ஆக டைம் எடுக்கும் மேடம், மசாஜ் பண்ணுங்க" என்றார்கள். நேரில் போனபோது அந்த நீலத்தை "பிக்மென்டேஷன்" என்று சொல்லி, லேசர் பேக்கேஜ் ஒன்றையும் எடுக்கச் சொன்னார்கள். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஹையலூரோனிக் ஆசிட் என்ற ஜெல் வகை ஃபில்லரைத் தோலின் மேற்பரப்புக்கு மிக அருகில் போட்டால் ஒளி சிதறி நீலமாகத் தெரியும். அதற்கு டிண்டால் விளைவு என்று பெயரே உண்டு. அது தோல் நிறமியே இல்லை. தாங்கள் செய்த கோளாறுக்கு என்னிடமே இன்னொரு முறை பணம் கேட்டார்கள்.

பின்னால் நான் பார்த்த அந்தத் தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஃபில்லர்?" அங்கிருந்தே அழகு நிலையத்துக்குப் போன் செய்தேன். "இம்போர்ட்டட் மேடம்" என்பதுதான் பதில். முறையான ஃபில்லர் பெட்டியில் பெயர், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்), காலாவதி தேதி எல்லாம் இருக்கும். உங்கள் கோப்பில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கரும் வரும். இதைச் சும்மா ஆவணத்துக்காகச் சொல்லவில்லை. ஹையலூரோனிக் ஆசிட் என்றால் ஹையலூரோனிடேஸ் ஊசி போட்டுக் கரைக்கலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற இன்னொரு வகை ஃபில்லரை அது கரைக்காது, சிலிகானையும் கரைக்காது. எனக்கு ஒவ்வாமை சோதனை செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தார் மருத்துவர். நல்லவேளை, கரைந்தது. தேனீ, குளவி கொட்டினால் அலர்ஜி வருபவர்கள் இந்த ஊசிக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அந்த இடத்து ரத்தக்குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்கும் தொடர்பு உண்டு. ஃபில்லர் தவறிக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊசி போடும்போதோ போட்ட பிறகோ கடுமையான வலி வந்தாலும், தோல் வெளுத்தாலும், திட்டுத் திட்டாக நிறம் மாறினாலும், பார்வை மங்கினாலும் "செட் ஆகும்" என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். ஊசி போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா, ஹையலூரோனிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். நான் போன இடத்தில் அந்தப் பெயரே அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குபவர்களும், காலையில் வீக்கம் வருபவர்களும் ஃபில்லர் விஷயத்தில் இரண்டு மடங்கு யோசிக்கவேண்டும். அது நீரை இழுக்கும், வீக்கம் கூடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழிமை அறுவை சிகிச்சைதான் பொருத்தமாக இருக்கலாம். அதை ஒரு நல்ல மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மீதி இருந்த பீல்களுக்குப் பணம் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். சிகிச்சைக் குறிப்பையும் லாட் எண்ணையும் எழுத்து மூலம் கேட்டேன். வந்தது ரசீதின் நகல் மட்டும்தான், அதில் 'அண்டர் ஐ ஃபில்லர்' என்று ஒரே ஒரு வரி. அதை வைத்து மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே எங்காவது ஃபில்லர் போட்டுக்கொண்டவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் சரி, அதன் பெயரையும் லாட் எண்ணையும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.