சாதாரண சிமென்டா, கசடு கலந்ததா?

சிங்கப்பூரில் வெட்டியெடுக்கச் சுண்ணாம்புக்கல் இல்லை. அதனால், அரைத்தால் சிமென்டாகும் கிளிங்கர் கட்டியைச் சுடும் சூளையும் இல்லை. சிமென்ட் கப்பலில் ஜூரோங் துறைமுகத்துக்கு வந்து சேமிப்புக் கோபுரங்களில் ஏறுகிறது. அதற்குப் பிறகுதான் எதை வாங்குவது என்ற கேள்வி.

சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குக் கை வேகம் அதிகம். சில நாள்களில் அச்சுப் பலகையைக் கழற்றிவிடலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைத் தரைக்கு இதுவே போதும், வேறு யோசனை வேண்டாம்.

கசடு கலந்தது வேறு ரகம். இரும்பு ஆலையின் ஊதுலையில் உருகி மிதக்கும் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, மாவாக அரைத்துச் சேர்க்கிறார்கள். இறுகுவதில் சோம்பேறி, ஆனால் ஒரு மாதம் பொறுத்தால் சாதாரண சிமென்டை எட்டிப்பிடிக்கும், முந்தவும் செய்யும். இறுகும்போது சூடு குறைவு என்பதால் தடித்த அடித்தளங்களில் வெடிப்பு குறைகிறது. கடல் உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொடவும் எளிதில் விடாது. பலகையைக் கழற்றியதும் கான்கிரீட் மயில் கழுத்துப்போல் நீலப்பச்சையாகத் தெரியும். முதன்முறை பார்ப்பவர் கலவை கெட்டுவிட்டது என்று பதறுவார். காற்றுப் பட்டால் வெளுத்துவிடும்.

கிளிங்கருக்கு ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவைக் கக்கும். கசடு கலந்தால் அந்தச் சுமையும் இறங்குகிறது.

துவாஸ் கடலோர வேலை என்றால் என் ஓட்டு கசடுக்கே, ஈரம் காயாமல் தண்ணீர் காட்ட ஆள் இருந்தால்.