தாய் லீக் 2019 சீசன்: ஆட்டம் சுமார், கடைசி நாள் தாறுமாறு

தாய்லாந்து ஃபுட்பால் லீக் (தாய் லீக்) பாக்கலாமா, டைம் வேஸ்ட்டான்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம 2019 சீசன்ல இருந்து ஆரம்பின்னு சொல்லிடுவேன். ஆட்டத்தோட தரத்துக்கு அஞ்சுக்கு மூணு, அதுவும் தாராளமா போட்டா தான். டென்ஷனுக்கு அஞ்சுக்கு அஞ்சு.

ஏன் இந்த சீசன்னு கொஞ்சம் முன்கதை சொன்னா தான் புரியும். 2009ல இருந்து 2018 வரைக்கும் பத்து சீசன்ல கப்பு ரெண்டே ரெண்டு கிளப்புக்கு தான் போயிருக்கு, ஒண்ணு நொந்தபுரில இருக்குற முவாங்தோங் யுனைடெட், இன்னொண்ணு புரிராம். இந்த புரிராம் கதை தனி ஜோர். நெவின் சிட்சோப்னு ஒரு அரசியல்வாதி, அயுத்யால இருந்த மின்சார வாரிய டீம 2009ல கையில எடுத்து அப்படியே தன் சொந்த ஊரான புரிராமுக்கு பெயர்த்துட்டு வந்துட்டாரு, 2011ல அங்கயே 32,000 பேருக்கு மேல உக்கார்ற மாதிரி ஒரு ஸ்டேடியமும் கட்டிட்டாரு, பக்கத்துலயே மோட்டோ ஜிபி பைக் ரேஸ் நடக்குற ட்ராக் வேற. ஃபுட்பால் வச்சே ஊர மேப்புல ஏத்தின ஆளு. இப்படி ஒரு டீம் இருந்தா மத்தவன் எங்க ஜெயிக்கிறது? 2018லயும் புரிராம் தான், அந்த வருஷம் 18 டீம 16 ஆக்கணும்னு ஒரே மூச்சுல அஞ்சு டீம கீழ் டிவிஷனுக்கு தள்ளி விட்டாங்க.

2019ல தான் கணக்கு மாறுச்சு. புரிராமுக்கு கோல் மழை பொழிஞ்சுட்டு இருந்த பிரேசில்காரன் டியோகோ மலேசியாவுக்கு ஜோகூர் டீமுக்கு கிளம்பிட்டான். முவாங்தோங் சீசன் ஆரம்பத்துலயே தடுமாறி கோச்ச மாத்து மாத்துன்னு மாத்திக்கிட்டு இருந்துச்சு. நல்ல தாய்லாந்து பிளேயர்ஸும் வெளிய போயிட்டாங்க, சனாதிப் ஜப்பான்ல சப்போரோ டீம்ல, தீராதோன் யோகோஹாமாவுல (அந்த வருஷம் ஜப்பான் லீக்கையே ஜெயிச்ச டீம்ல இருந்தாரு). அதனால லீக்கோட தரம் கொஞ்சம் இறங்குச்சுங்கறது உண்மை தான், ஆனா இறங்கினதுல எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே லெவலுக்கு வந்துட்டாங்க, பாக்குற நமக்கு அது லாபம்.

குறைய சொல்லிடறேன். டிஃபென்ஸ் பல மேட்ச்ல ஓட்டை. ஒரு கோல் லீட் வந்துட்டா போதும், லேசா தோள் பட்டாலே கீழ விழுந்து உருளுவான், ஸ்ட்ரெச்சர் வரும், கோட்டுக்கு வெளிய போனதும் டக்குனு எழுந்து நிப்பான். அப்புறம் இந்த மொபைல் ஆப்ல லைவ் பாக்கறது ஒரு தண்டனை, நான் பாத்த ஆப் பேர் வேணாம், கார்னர் எடுக்கும்போது சுத்த ஆரம்பிச்சா கோல் கிக்கு எடுக்கும்போது தான் நிக்கும். கமென்ட்ரி முழுக்க தாய்லாந்து பாஷைல தான், ஒரு வார்த்தை புரியாது, ஆனா கத்துற கத்துல கோலா இல்லையான்னு தெரிஞ்சுடும். ஸ்கோர் தேடி தாய்லாந்து சைட்டுக்கு போனீங்கன்னா சீசன் 2562ன்னு இருக்கும், பயந்துடாதீங்க, புத்த வருஷக் கணக்கு, 2019 தான் அது.

நேர்ல பாக்கறது முழுசா வேற அனுபவம். பாங்காக்ல க்ளோங் டோய் பக்கம் போர்ட் எஃப்சியோட கிரவுண்ட் இருக்கு, துறைமுகக்காரங்களோட இடம், சின்ன ஸ்டேடியம், சுத்தி ஓடுற ட்ராக் எல்லாம் கிடையாது, முன் வரிசைல உக்காந்தா த்ரோ போட வர்றவன் மூச்சு வாங்குறது காதுல கேக்கும். சாயங்காலம் கேட்டுக்கு வெளிய கரி அடுப்புல குச்சில குத்தின மீட்பால் சுட்டுக்கிட்டு இருப்பாங்க, அந்தப் புகைக்கு நடுவுல ஆரஞ்சு நீல ஜெர்ஸி கூட்டம், உள்ள 'ஸோன் பி'ன்னு ஒரு ஸ்டாண்ட், அங்க ட்ரம் அடிக்க ஆரம்பிச்சா மேட்ச் முடியுற வரைக்கும் நிறுத்த மாட்டானுங்க. டீம் தோத்துக்கிட்டு இருந்தாலும் அடி குறையாது, கொஞ்சம் கோவமா அடிப்பானுங்க அவ்ளோ தான். மேடம் பாங்னு எல்லாரும் கூப்பிடற நுவான்பான் லம்சம் தான் அப்போ ஓனர், பின்னாடி 2024ல நாட்டோட ஃபுட்பால் சங்கத்துக்கே தலைவர் ஆயிட்டாங்க. அந்த சீசன் போர்ட் லீக்ல மூணாவது வந்துட்டு எஃப்ஏ கப்ப (லீக்ல சேராத தனி நாக் அவுட் போட்டி) தூக்குச்சு. டிக்கெட் ரேட்டும் அப்போ நூறு நூத்தம்பது பாட் (தாய்லாந்து காசு) அளவுல தான் இருந்துச்சு, அந்தக் காசுக்கு இந்த சத்தம் வேற எங்கயும் கிடைக்காது.

சரி, மெயின் விஷயம். வடக்கு மூலைல இருக்குற சியாங்ராய் யுனைடெட். 2009ல ஆரம்பிச்ச கிளப்பு, அதுவரைக்கும் லீக் கப்பு தொட்டதே இல்ல. 2017லயும் 2018லயும் எஃப்ஏ கப் வாங்கிக் குடுத்த கோச் காமா கிளம்பிப் போனதும் இனிமே அவ்ளோ தான்னு தான் பேச்சு, ஆனா அய்ல்டன் சில்வா கோச்சா நின்னு இழுத்துட்டு வந்தாரு. நடுவுல பிதிவாட் ஓடிக்கிட்டே இருப்பான், முன்னாடி பில் ரோசிமார், சைடுல ஏகனித்னு 20 வயச தொடப்போற உள்ளூர் பையன். அழகான ஆட்டம்னு சொல்ல மாட்டேன், பிடிவாதமான ஆட்டம்.

அக்டோபர் 26, கடைசி நாள். புரிராம் 57 பாயிண்ட், சியாங்ராய் 55. புரிராம் ஜெயிச்சா பேச்சுக்கே இடமில்ல. மேட்சும் யார் கூட, கீழ இறங்குற லிஸ்ட்ல இருந்த சியாங்மாய் கூட. சியாங்ராய் சுபன்புரிக்கு போய் அவங்க ஊர்லயே 5-2ன்னு அடிச்சு நொறுக்கிட்டு அந்த ரிசல்ட்டுக்கு காத்திருக்கு, அங்க புரிராம் 1-1 ட்ரா. ரெண்டு பேரும் 58! தாய் லீக் ரூல்ல பாயிண்ட் சமமானா மொதல்ல நேருக்கு நேர் மோதினதுல யார் மேலன்னு தான் பாப்பாங்க, அதுல சியாங்ராய் மேல. கப்பு வடக்கே சியாங்ராய்க்குப் போயிடுச்சு. இதுல குசும்பு என்னன்னா சியாங்மாயும் சியாங்ராயும் பக்கத்து பக்கத்து மாகாணம், டெர்பின்னு முறைச்சுக்கிறவங்க, அந்தப் பங்காளி போட்ட ட்ராவால தான் இவங்களுக்கு கப்பே வந்துச்சு, சியாங்மாய் ரசிகன் அன்னிக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்னு தெரியல. 30 மேட்ச்ல 58 பாயிண்ட் எடுத்து சாம்பியன்னா ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு கூட வரல, இத வச்சு மட்டம் தட்டுறவங்க உண்டு, எனக்கு அது தான் இந்த சீசனோட ருசியே.

சீசன் முடிஞ்சும் கூத்து முடியல. சுபன்புரி கீழ இறங்கிடுச்சுன்னு ஆச்சா, அடுத்த மாசமே அரசு எண்ணெய் கம்பெனியோட டீம் பிடிடி ரயோங், முதல் டிவிஷனுக்கு திரும்பி வந்து ஒரே சீசன் ஆடிட்டு கிளப்பையே இழுத்து மூடிட்டாங்க, அந்த காலி இடத்துல சுபன்புரி திரும்ப உள்ள வந்துடுச்சு. அஞ்சு கோல் வாங்கி இறங்கினவன் வீட்ல உக்காந்துக்கிட்டே ஏறிட்டான். இந்த மாதிரி கிளப்பு திடீர்னு மறையுறது இந்த லீக்ல ஒரு வியாதி, புடிச்ச டீம்னு ஜெர்ஸி வாங்குறதுக்கு முன்னாடி பின்னாடி யார் காசு போடறான்னு பாத்துட்டு வாங்குங்க.

30 ரவுண்டும் உக்காந்து பாக்கணும்னு அவசியமே இல்ல. சியாங்ராய், புரிராம், போர்ட் மோதின மேட்ச்சுங்க, அப்புறம் கடைசி நாள் ரெண்டு ஆட்டத்தையும் ரெண்டு ஸ்க்ரீன்ல பக்கத்து பக்கத்துல ஒரே நேரத்துல ஓட விட்டு பாருங்க, சவுண்ட் மட்டும் சியாங்மாய் மேட்ச்சுக்கு வைங்க.