ஸ்க்வர்ட் படகா, ரிவர் கயாக்கா?

டெல்லித் தமிழர்களுக்குத் துடுப்புப் படகு ஓட்டப் பெரிய ஆறு என்றால் ரிஷிகேஷ் கங்கைதான்; ஆர்.கே.புரத்தில் இரவு கிளம்பினால் விடியலில் ரிஷிகேஷுக்கு மேலே உள்ள சிவபுரி. முதல் படகாக, ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகான ரிவர் கயாக்கையே எடுங்கள். பாலிஎத்திலீன் உடல், 250 லிட்டர் அளவுக்குக் கொள்ளளவு. அலை அமுக்கினாலும் தானே மேலெழும், பாறை உரசலையும் தாங்கும்.

ஸ்க்வர்ட் படகும் கயாக்தான், ஆனால் நீருக்குள் மூழ்கி விளையாடுவதற்கானது; அது வேறு சங்கதி. ஃபைபர்கிளாஸிலோ கார்பன் இழையிலோ, ஓட்டுபவரின் எடைக்கு அளவெடுத்து மெலிதாகச் செய்வது. உட்கார்ந்தாலே மேல்தட்டு நீர்மட்டத்தில் நிற்கும். ஓட்டமும் எதிரோட்டமும் உரசும் கோட்டில் சாய்த்து அமுக்கினால், கீழிறங்கும் நீர் ஆளையும் படகையும் சேர்த்து உள்ளே இழுத்துச் சுழற்றும். இந்த ‘மிஸ்டரி மூவ்’தான் அதன் உயிர். ஆழம் அவசியம், பாறை தட்டினால் ஓடு விரியும். படகின் பருமன் கூடினால் மூழ்கவே மறுக்கும்; குறைந்தால் மேலே வரத் தாமதமாகும். கவிழ்ந்த கயாக்கை ஒவ்வொரு முறையும் நிமிர்த்தத் தெரியாதவர் இதில் ஏறவே வேண்டாம். மழைக்கால ஜூலை, ஆகஸ்டில் இரண்டும் கரையில்தான்.