மீன் வறுவலுக்கு எது, குழம்புக்கு எது: சொவின்யோன் ப்ளாங்கா, ஷெனின் ப்ளாங்கா?

புதுச்சேரியில் மீன் சாப்பாட்டுக்கென்று ஒரு வெள்ளை ஒயின் வாங்கப் போனால், நம்ம பட்ஜெட்டில் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த ரெண்டில்தான். இரண்டும் பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் பேர் வாங்கிய திராட்சைகள். நாசிக்கில் சூலா என்ற ஒயின் கம்பெனி 1997இல் நட்டு, 2000இல் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்ததும் இவற்றைத்தான். நிறம் கிட்டத்தட்ட ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், அதனால் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். சாப்பாடு முன்னால் வந்ததும்தான் ரெண்டும் எவ்வளவு வேறு என்று தெரியும்.

சொவின்யோனை முகர்ந்தால் நறுக்கிய பச்சைக் குடைமிளகாய், வெட்டின புல், எலுமிச்சை. குடைமிளகாய் என்பது ரசிகர்களின் கற்பனை இல்லை, பைரசின் என்ற ஒரே வகை வேதிப்பொருள்தான் குடைமிளகாய்க்கும் இந்த ஒயினுக்கும் அந்த வாசனையைத் தருகிறது. வாயில் வைத்தால் சுள்ளென்று புளிப்பு, இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. நியூசிலாந்தின் மார்ல்பரோ பாட்டிலில் பேஷன் ஃப்ரூட் வாசனை தூக்கலாக இருக்கும், விலையும்தான். ஷெனின் சாது. ஆப்பிள், பேரிக்காய், பின்னால் கொஞ்சம் தேன் வாசனை. புளிப்பு இதிலும் உண்டு, ஆனால் இங்கே பரவலாகக் கிடைக்கிற நாசிக் ஷெனினில் லேசாக இனிப்பு விட்டிருப்பதால் அது உறுத்தாது. சும்மா உட்கார்ந்து குடிக்க என்றால் என் ஓட்டு சொவின்யோனுக்கு.

வஞ்சிரம் வறுவலுக்கும் அதேதான். வறுத்த மீனில் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை இந்தப் புளிப்பு செய்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு நாக்கிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும், அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே ருசிக்கும். மொறுமொறுவென்று பொரித்த நெத்திலிக்கு இன்னும் பொருத்தம். ஒரே நிபந்தனை, மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டிருக்கக் கூடாது.

குழம்பில்தான் கதை தலைகீழ். புளிக்கரைசல் நாக்கில் இருக்கும்போது ஒயினின் புளிப்பு தெரியாது. உணவு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சொவின்யோனின் பலமே புளிப்புதான், அது போனால் மிச்சம் அந்தப் பச்சை வாசனை மட்டும், அதுவும் குழம்பில் தாளித்த வடகத்தின் வாசனைக்கு முன்னால் எடுபடாமல் கசப்பாகத் திரும்புகிறது. மேலே மிளகாய்க் காரம் வேறு. ஆல்கஹால் காரத்தை ஊதிவிடும், இனிப்பு அடக்கும். அதனால்தான் லேசான இனிப்புள்ள ஷெனின் இங்கே ஜெயிக்கிறது: காரம் ஏறும்போது ஒரு மடக்கு குடித்தால் எரிச்சல் தணிந்து, புளியும் பூண்டும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். மறுநாள் சுண்டக் காய்ச்சிய குழம்புக்கு இன்னும் நன்றாக இருக்கும், புளி அதற்குள் மீனில் இறங்கி முனை மழுங்கியிருக்கும். இறால் தொக்குக்கும் ஷெனின்தான், இறாலிலேயே இனிப்பு இருப்பதால் ரெண்டும் ஒத்துப்போகும்.

இன்னொரு பிரபல வெள்ளை ஒயினான ஷார்டனேவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனேயின் வெண்ணெய், வெனிலா வாசனை நம்ம மசாலாவோடு சண்டைக்கு நிற்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி மாதிரி சாதுவான ஐட்டம் இருந்தால் பார்க்கலாம். உண்மையில் மீன் குழம்புக்கு ஷெனினையும் தோற்கடிக்கக்கூடியது ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், அதிலும் லேபிளில் கபினெட் (லேசான வகை) என்று போட்டது. ஆல்கஹால் 8, 9 சதவீதம் அளவில்தான், இனிப்பும் புளிப்பும் சரிசமம். கிடைப்பதும் அரிது, விலையும் நமக்கு ஒத்துவராது.

எதை வாங்கினாலும் 8 முதல் 10 டிகிரிக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். வாளியில் வெறும் ஐஸ் போட்டால் நேரம் எடுக்கும், பாதி ஐஸ் பாதி தண்ணீர் ஊற்றி பாட்டிலைக் கழுத்து வரை இறக்கினால் சீக்கிரம் குளிரும். நம்ம ஊர் வெக்கைக்குக் கிளாசில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கடையில் கண்ணாடி ஓரம் வெயில் படுகிற இடத்தில் நிற்கும் பாட்டிலைத் தொடவே வேண்டாம்; அப்படி ஒரு கடையில் வாங்கிய சொவின்யோன் பழுத்த மஞ்சளாகி, அழுகின ஆப்பிள் நாற்றம் அடித்தது.

ஒரே பாட்டில்தான், இலையில் வறுவலும் குழம்பும் சேர்ந்தே வருகிறது என்றால் ஷெனினை எடுங்கள். வறுவலோடு அது சுமாராகவாவது போகும், குழம்போடு சொவின்யோன் சுமாராகக்கூடப் போகாது. அப்புறம் கடலூர் நண்பர்களுக்கு: முள்ளோடை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகிற யோசனை வேண்டாம், பிடித்தால் கேஸ். முதுநகர் துறைமுகத்து மீனை இந்தப் பக்கம் கொண்டுவர யாரும் தடுக்கப் போவதில்லை.