‘டோல்ஸ் இருக்கிறது’ என்று சொன்னால், தாளைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மறதிநோயுள்ள என் அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகக் கேட்டபோது, “அவர் டோல்ஸின் கீழ் இருக்கிறார், அனுப்ப முடியாது” என்றார் இல்லத்தின் மேலாளர். டோல்ஸ் (DoLS) என்பது, முடிவெடுக்கும் திறன் இல்லாத ஒருவரைப் பராமரிப்பு இல்லத்தில் அடைத்து வைக்க உள்ளூர் கவுன்சிலிடம் சட்ட அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு. சட்டம் என்றதும் நாங்கள் வாயடைத்துத் திரும்பினோம். அம்மாவோ ஒவ்வொரு மாலையும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எண்களை அழுத்தினால் மட்டுமே திறக்கும் வாசற்கதவின் முன் நின்று, “பிள்ளை, கொஞ்சம் திறந்துவிடு” என்று ஊழியர்களிடம் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் கழித்துத்தான் அந்த அனுமதித் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இல்லம் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட அவசர அனுமதி ஒன்று மட்டுமே அவர்களிடம் இருந்தது. அதன் ஆயுள் 7 நாள். கவுன்சில் நீட்டித்தால் இன்னும் 7 நாள், அவ்வளவுதான். முறையான அனுமதிக்கு அனுப்பிய விண்ணப்பம் கவுன்சிலில் வரிசையில் கிடக்க, அம்மா எந்தச் சட்ட அனுமதியும் இல்லாமலே அடைபட்டிருந்தார். அறை வசதியானது, அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று மேலாளர் சமாதானம் சொன்னார். தொடர்ந்த கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருப்பவர், விரும்பினாலும் வெளியேற முடியாதவர் என்றால், அவர் அமைதியாக இருந்தாலும் அது சுதந்திரத்தைப் பறிப்பதே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஹேல் சீமாட்டி எழுதியது போல, பொற்கூண்டும் கூண்டுதான்.

என்னை அதைவிட வருத்தியது முடிவெடுக்கும் திறனைச் சோதித்த படிவம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, ‘பொருத்தமான பதில் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவருக்குத் திறன் உண்டு என்றே தொடங்க வேண்டும், அவருக்குப் புரியும் வழியில் விளக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். அம்மாவுக்குப் புரியும் வழி தமிழ்.

அனுமதியின்றி அடைத்து வைத்திருப்பதாகக் கவுன்சிலுக்கு எழுதினேன். குடும்பத்தினர் யாரும் அப்படி எழுதலாம். பிறகு வந்த மதிப்பீட்டாளர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். எங்கே தங்குவது என்று முடிவெடுக்கும் திறன் அம்மாவுக்கு இல்லை என்றே அவரும் கண்டார், அதை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் தனக்கு வெளிக்காற்று வேண்டும் என்பதை அம்மா தெளிவாகச் சொன்னார். தினமும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும், ஞாயிறுகளில் வீட்டுக்கு வரலாம் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. என்னை அவருடைய பிரதிநிதியாக நியமித்தார்கள். இந்த அனுமதி நடப்பில் இருக்கும்வரை, அதை எதிர்த்து, முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்களின் வழக்குகளை விசாரிக்கும் பாதுகாப்பு நீதிமன்றத்துக்கு (Court of Protection) செல்ல, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்ட உதவி உண்டு என்பதை அந்த மதிப்பீட்டாளர் சொல்லித்தான் அறிந்தேன். இல்லத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

முறையான அனுமதியும் 12 மாதத்துக்கு மேல் நீளாது. அம்மாவின் தாளில் இருக்கும் முடிவுத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.